வெயில் தணியட்டும், பூ தெரியும்

மொட்டை மாடியிலும் பால்கனியிலும் வீட்டு வாசலிலும் பூச்செடி வளர்த்து, பூத்த அன்றே அதைப் போனில் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பி மகிழும் தோட்டக்கார நண்பர்களுக்கு,



உங்களில் பலரும் சொல்லிச் சலித்துக்கொள்ளும் குறை ஒன்று உண்டு: நேரில் பார்த்த பூ வேறு, படத்தில் விழுந்த பூ வேறு. செடியில் அத்தனை செழிப்பாக நின்ற செம்பருத்தி, படத்தில் வெறும் சிவப்புத் திட்டாகிவிடுகிறது. மல்லிகை இதழ் தெரியாமல் வெள்ளையாக வெளிறுகிறது. சங்குப்பூவின் நீலம் ஊதாப் பக்கம் சாய்கிறது. உடனே பழி போன்மேல் விழுகிறது. இன்னும் விலை கூடிய போன் வாங்கினால் சரியாகிவிடும் என்ற எண்ணம் வருகிறது. அந்தச் செலவைச் செய்யும் முன் இந்த மடலைப் படித்துவிடுங்கள். குறை பெரும்பாலும் கருவியில் இல்லை. எந்த வேளையில், எப்படிப்பட்ட வெளிச்சத்தில் எடுக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. பூவுக்கு உகந்த வேளையில், தணிந்த வெளிச்சத்தில் எடுத்தால் இப்போது கையில் உள்ள போனே போதும் என்பதுதான் என் வாதம். அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

செம்பருத்தியிலிருந்தே தொடங்குவோம். நாட்டு ஒற்றைச் செம்பருத்தி. ஐந்து இதழ்கள், ஒவ்வோர் இதழிலும் அடியிலிருந்து விளிம்பு வரை பிரிந்து ஓடும் மெல்லிய நரம்புகள், தொண்டையில் நிறம் அடர்ந்து கறுத்திருக்கும். நடுவிலிருந்து நீண்டு வெளியே வரும் தண்டைச் சுற்றி மஞ்சள் மகரந்தப் பைகள், அதன் நுனியில் ஐந்தாகப் பிரிந்த சூல்முடிகள். இதைப் பகல் பன்னிரண்டு மணி வெயிலில் எடுக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். வெயில் படும் இதழ்கள் பளபளக்கின்றன. அவற்றின் நிழலில் அகப்பட்ட இதழ்கள் இருள்கின்றன. தண்டின் நிழல் ஒரு கரிய கோடாக இதழின் குறுக்கே விழுகிறது. நேரடி வெயிலின் அளவு ஏறத்தாழ 1 லட்சம் லக்ஸ். பக்கத்திலேயே இருக்கும் நிழலில் வெளிச்சம் அதில் பத்தில் ஒரு பங்காகவோ அதற்கும் குறைவாகவோ இருக்கலாம். நம் கண் வெயிலையும் நிழலையும் மாறி மாறிப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். மூளை அவற்றைச் சேர்த்து ஒரே பூவாக நமக்குக் காட்டும். கேமராவுக்கு அந்த வசதி மிகக் குறைவு. வெயில் பட்ட இடத்துக்கு அளவு வைத்தால் நிழல் கருகும். நிழலுக்கு வைத்தால் வெயில் பட்ட இடம் வெளிறும்.

இதோடு சிவப்பு நிறத்துக்கென்றே ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. கேமராவின் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலின் மேலும் ஒரு நிற வடிகட்டி உண்டு. கோடக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயருடைய அமைப்பு இது; 1976-இல் காப்புரிமை பெற்றது. இன்றும் பெரும்பாலான கேமராக்கள் அதையோ அதன் மாறுதல்களையோதான் பயன்படுத்துகின்றன. அதில் நான்கு பிக்சலுக்கு இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஆகவே அடர்சிவப்பு இதழைப் படமாக்கும் வேலை பெரும்பாலும் நான்கில் ஒரு பங்கு பிக்சல்கள் தலையில் விழுகிறது. படத்தின் மொத்தப் பிரகாசத்தைக் கணக்கிடும் வழக்கமான முறையிலும் பச்சைக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 72 பங்கு, சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7. மனிதக் கண்ணின் உணர்வை ஒட்டி வகுத்த கணக்கு அது. இந்தக் கணக்கின்படி, இதழில் சிவப்பு அதன் உச்ச எண்ணான 255-ஐ எட்டிவிட்ட பிறகும் படம் மொத்தத்தில் இருட்டாகவே தோன்றும். சுற்றிலும் கரும்பச்சை இலைகள் வேறு. போதவில்லை என்று கேமரா இன்னும் வெளிச்சத்தை ஏற்றுகிறது. நரம்பும் 255, நரம்புக்கு இடைப்பட்ட இதழும் 255 என்று ஆனபின் இரண்டுக்கும் வேறுபாடு ஏது? நீங்கள் பார்க்கும் சிவப்புத் திட்டு இப்படித்தான் உருவாகிறது. எத்தனை மெகாபிக்சல் கூடினாலும் இது தீராது. பூவை நிழலுக்குக் கொண்டுவந்து, திரையில் பூவைத் தொட்டு, அருகே வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்துப் படத்தைச் சற்று இருட்டாக்கினால் தீர்ந்துவிடும். முதலில் கொஞ்சம் மங்கலாகத்தான் படும். ஆனால் நரம்புகள் எல்லாம் இருக்கும்.

வெள்ளைப் பூக்களுக்கும் அடிப்படை இதுவே. கேமரா எந்தக் காட்சியையும் சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறப் பிரகாசத்துக்குக் கொண்டுவரவே பார்க்கும். கரும்பச்சைப் புதருக்கு நடுவே நாலு மல்லிகை இருந்தால் அது புதரைத்தான் கணக்கில் எடுக்கிறது. புதரைத் தூக்கிக் காட்டப் போய் மல்லிகை வெளிறிவிடுகிறது. நீலத்தின் கதை வேறு. நீலப் பூக்கள் பலவும் கண் அவ்வளவாக உணராத ஆழ்ந்த சிவப்பு ஒளியையும் திருப்பி அனுப்புகின்றன. கண் பொருட்படுத்தாத அந்த ஒளியைப் பிலிமும் சென்சாரும் ஓரளவு பதிவு செய்துவிடுவதால் நீலத்தில் ஊதா ஏறுகிறது. அந்தி வெயிலில் சிவப்பு மிகுதி. வானத்தின் வெளிச்சம் மட்டும் விழும் நிழலில் குறைவு. ஆகவே சங்குப்பூவை நிழலில் எடுத்தால் நீலம் நீலத்துக்கு நெருக்கமாக வரும். இன்னொன்றையும் கவனியுங்கள். மாடித் தோட்டங்களில் பலர் பச்சை நிழல்வலை கட்டியிருக்கிறீர்கள். செடிக்கு அது நல்லது. படத்துக்கு நல்லதில்லை, ஏனென்றால் வலைக்குக் கீழே இருக்கும் வெள்ளை ரோஜாவின் மேல் பச்சைச் சாயல் படிகிறது. தொட்டியை வலைக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கு நகர்த்தி வைத்து எடுங்கள். தரையில் வெள்ளைப் பூச்சு அடித்திருந்தால் இன்னும் நல்லது. கீழிருந்து எதிரொளிக்கும் வெளிச்சம் இதழின் அடிப்புறத்தையும் தெரியவைக்கும்.

அப்படியானால் எந்த வேளை நல்லது? படக்கலைப் புத்தகங்கள் சூரிய உதயத்துக்குப் பின்னும் அஸ்தமனத்துக்கு முன்னும் உள்ள பொன்வெளிச்சத்தைச் சிபாரிசு செய்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை குளிர்நாட்டுச் சூரியனை வைத்து எழுதியவை. டிசம்பர் பிற்பகுதியில் லண்டனில் நண்பகலில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகைதான் உயர்கிறது. அதே டிசம்பரில் சென்னையில் உதயமாகி ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் போனாலே அந்த உயரம் வந்துவிடும். அவர்களுக்குக் குளிர்காலத்தில் நாளெல்லாம் கிடைக்கும் சாய்ந்த வெளிச்சம் நமக்குக் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். அதுவும் எல்லா மாதமும் ஒன்றல்ல. மார்கழி நண்பகலில் சென்னைச் சூரியன் 54 பாகை உயரத்தில் நிற்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவை ஒட்டியும் நேர் உச்சிக்கே வருகிறது. மார்கழியில் எட்டரை, ஒன்பது மணி வரை நிதானமாக எடுக்கலாம். சித்திரையில் ஏழரைக்குள் முடித்துக்கொள்வது நல்லது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகம் மூடிய நாட்கள் நமக்கு வரப்பிரசாதம். வானம் முழுவதும் ஒரே விளக்காக மாறி எல்லாப் பக்கத்திலிருந்தும் மென்மையாக வெளிச்சம் தரும் நாட்கள் அவை. மழை விட்டதும் மாடிக்கு ஏறுங்கள்.

சூரியனுக்கு ஒரு நேரம் இருப்பதுபோல் பூவுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. எந்தப் பூ எப்போது விரிகிறது, எப்போது மூடுகிறது என்று வரிசைப்படுத்தி, பூக்களை வைத்தே மணி சொல்லலாம் என்று 1751-இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் எழுதினார். அவர் எழுதியது வட ஐரோப்பியச் செடிகளைப் பற்றி. நம் தோட்டத்திலும் அந்த ஒழுங்கு இருக்கிறது. செம்பருத்தி காலையில் விரிந்து பெரும்பாலும் அன்றே வாடிவிடும். அந்திமந்தாரை பிற்பகல் தணிந்த பிறகே திறக்கும். மல்லிகை மாலையில் கட்டவிழும். பவளமல்லி இரவில் பூத்து விடிவதற்குள் உதிரத் தொடங்கும். அதைக் கிளையில் பார்க்க இரவும், தரையில் பார்க்க விடியலும் வேண்டும். நிஷாகந்திக்கு ஒரே ஓர் இரவு. இரங்கூன் மல்லி வெள்ளையாக விரிந்து, அடுத்த நாட்களில் இளஞ்சிவப்பாகிச் சிவப்பில் முடியும். ஒரே கொத்தில் மூன்று நிறமும் இருக்கும் நேரம் பார்த்து எடுத்தால் அந்தக் கொடியின் குணமே ஒரு படத்தில் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஓய்வு கிடைத்தது என்று மாடிக்குப் போய், மூடிக்கிடக்கும் அந்திமந்தாரையை எடுத்துவிட்டுப் படம் சுமார் என்று சொல்வது அந்தச் செடிக்கு நியாயமில்லை. நீங்கள் வளர்க்கும் செடி எப்போது முழுதாக விரிகிறது என்பது எந்த வல்லுநரையும்விட உங்களுக்கு நன்றாகத் தெரியும். படம் எடுப்பதில் உங்களுக்கு உள்ள பெரிய அனுகூலம் அந்த அறிவுதான்.

பத்துமணிப் பூ மட்டும் இந்த வாதத்துக்குச் சவால் விடும். நல்ல வெயில் இருந்தால்தான் அது விரியும். மேகம் மூடினால் சுருங்கிக்கொள்ளும். தணிந்த வெளிச்சத்தில் எடுங்கள் என்றால் பூவே இல்லையே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பூ வெயிலில் விரியட்டும். படம் எடுக்கும் அந்த ஒரு நிமிடம் மட்டும் நிழல் கொடுங்கள். துணிக்கொடியில் பழைய வெள்ளை வேட்டியை ஒற்றையாக விரித்து இரண்டு கிளிப் போட்டால் போதும். கண்ணைக் கூசவைக்கும் வெயில் அதன் வழியே வரும்போது மென்மையாகிவிடும். நிழலின் விளிம்பு கரைந்துவிடும். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் ஸ்டுடியோத் துணியும் செய்வது இதைத்தான்.

வேளை பார்த்து எடுப்பதில் வேறு இரண்டு நன்மைகளும் உண்டு. விடியலில் பெரும்பாலும் காற்று அடங்கியிருக்கும். கடலோர ஊர்களில் பகல் ஏற ஏறக் கடற்காற்று எழுந்து பூவை ஆட்டும். பூ ஆடினால் எந்த லென்ஸாலும் கூர்மை தர முடியாது. நிதானமாக எடுக்க அவகாசம் கிடைத்தால், போனைப் பூவின் மூக்குக்கே கொண்டுபோகும் பழக்கத்தையும் விடலாம். பெரிய சென்சார் உள்ள இன்றைய போன்கள் பலவற்றின் முதன்மைக் கேமராவுக்கு ஒரு சாண் இடைவெளிக்குள் ஃபோகஸ் கிடைப்பதே கடினம். கிட்டப் போனால் போனின் நிழல் வேறு பூவின் மேல் விழும். ஓரடி பின்வாங்கி 2 மடங்கு ஜூம் வையுங்கள். செம்பருத்தியை நேர்முகமாக எடுக்காமல் சற்றுப் பக்கவாட்டில் நின்று எடுத்தால் தண்டின் நுனியும் இதழும் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் அமைந்து, இரண்டும் கூர்மையாக வரும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். இன்றைய போன் தானாகவே எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகிறதே, மிச்சத்தைப் பிறகு எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாமே என்பது முதல் மறுப்பு. போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குகிறது என்பது உண்மை. கட்டடத்துக்கும் மலைக்கும் அது நன்றாக உதவும். அசையும் இதழில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடம் மாறிவிடுவதால் விளிம்பு இரட்டிக்கும், அல்லது குழையும். எடிட்டிங்குக்கோ இருப்பதை மாற்றத்தான் தெரியும், இல்லாததை மீட்கத் தெரியாது. சிவப்பு 255-இல் முட்டிய இடத்தில் நரம்பு பற்றிய தகவல் எதுவும் கிடையாது. வெளிச்சத்தைக் குறைத்தால் பளிச்சென்ற திட்டு மங்கிய திட்டாகும், அவ்வளவே. நிறத்தைக் கூட்டும் ஃபில்டர் நிலைமையை இன்னும் மோசமாக்கும். கருவி எளிமையாக இருந்தும் பூப்படத்தில் சாதித்தவர்கள் உண்டு. பெர்லின் கலைப்பள்ளி ஆசிரியர் கார்ல் பிளாஸ்ஃபெல்ட், தானே அமைத்துக்கொண்ட கேமராவில், வெறும் பின்னணி முன் செடிகளைப் பல மடங்கு பெரிதாக்கி எடுத்தார். 1928-இல் அவை நூலாக வந்து உலகப் புகழ் பெற்றன. அமெரிக்காவில் இமோஜன் கன்னிங்ஹாம் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே வீட்டுத் தோட்டத்துச் செடிகளைப் படமாக்கினார். 1925-இல் எடுத்த அவருடைய மக்னோலியா படம் கறுப்பு வெள்ளைதான். நிறமே இல்லாமல் அந்தப் பூ நிற்கிறது என்றால், இதழின் வளைவில் வெளிச்சம் படிப்படியாக இறங்குவது அதில் முழுமையாகப் பதிவாகியிருப்பதே காரணம்.

காலையில் சமையல், பிள்ளைகளின் பள்ளி, ஆபீஸ் பஸ், இதில் படம் எடுக்க ஏது நேரம் என்பது இரண்டாவது மறுப்பு. இதை நான் லேசாக ஒதுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் செடிக்குத் தண்ணீர் விடுவதே காலையில்தான். தண்ணீர் விடும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். மண் தெறிக்காத இதழும் கிடைக்கும். அதுவும் முடியாதவர்களுக்கு வேளையைவிட நிழல் முக்கியம். வடக்குப் பார்த்த பால்கனி ஆண்டின் பெரும்பகுதி நேரடி வெயில் இல்லாமலே நல்ல வெளிச்சம் தரும். வெளிச்சம் போதாதே என்று அஞ்ச வேண்டாம். திறந்தவெளி நிழலில்கூட சாதாரண அலுவலக அறையைப் போலப் பல மடங்கு வெளிச்சம் இருக்கிறது. வேலை முடிந்து மாலையில் வருபவர்களுக்கு அந்திமந்தாரையும் மல்லிகையும் காத்திருக்கின்றன.

வெயிலில் ஒளிரும் அழகான பூப்படங்களை எத்தனையோ பார்த்திருக்கிறோமே என்பது மூன்றாவது மறுப்பு. உண்மைதான். இதழுக்குப் பின்னாலிருந்து வெயில் ஊடுருவும்போது நரம்பெல்லாம் ஒளி பெற்றுத் தெரிவது தனி அழகு. ஆனால் அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றில் சூரியன் தாழ்ந்திருப்பதைக் கவனியுங்கள். தாழ்ந்த வெயிலுக்கு வலிமை குறைவு, அது பக்கவாட்டிலிருந்து வருவதால் இதழின் பின்புறத்தை எட்டும். உச்சி வெயிலால் இது முடியாது. வெயிலை ஒதுக்கச் சொல்லவில்லை; எந்த வெயில் என்று பார்த்து எடுக்கச் சொல்கிறேன்.

கடைசி மறுப்புதான் கனமானது: ஏதோ மகிழ்ச்சிக்காக எடுக்கும் படம், அதற்கு இத்தனை அக்கறை எதற்கு? பூப்படம் மகிழ்ச்சியோடு நிற்பதில்லை என்பதே என் பதில். ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் 1838 முதல் 1853 வரை சென்னையில் வெளியிட்ட தொகுதிகளில் 2,000-க்கும் மேற்பட்ட தென்னாசியச் செடிகளின் படங்கள் இருக்கின்றன. அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரு தென்னிந்திய ஓவியர்கள். கோவிந்துவின் திறமையைப் போற்றி ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் அவர் பெயரைச் சூட்டினார். தாவர ஓவியர்கள் பூவின்மேல் கரிய நிழல் விழாதபடி வரைவதை மரபாக வைத்திருந்தார்கள், ஏனென்றால் நிழல் உறுப்பை மறைக்கும். உறுப்பு மறைந்தால் செடியை அடையாளம் காண முடியாது. இன்று அந்த வேலையின் ஒரு பகுதி உங்கள் கைக்கு வந்திருக்கிறது. இந்தப் பூ என்ன வகை, இதழில் விழுந்த புள்ளி பூச்சியா நோயா, பாட்டி வீட்டு ரோஜா எந்த ரகம் என்று ஒருவரையொருவர் படத்தை வைத்துத்தான் கேட்டுக்கொள்கிறீர்கள். வெளிறிய படத்தைப் பார்த்து யாரும் பதில் சொல்ல முடியாது. நாட்டு ரகங்கள் பல கடையில் கிடைக்காமல் மறைந்துவரும் காலத்தில், ஒரு வீட்டு மாடியில் மிஞ்சியிருக்கும் பூவை அதன் உண்மை நிறத்தோடும் நரம்போடும் பதிந்து வைப்பது அடுத்த தலைமுறைக்குச் செய்யும் உதவி.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் ஒரே ஒரு செடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பூவைக் காலையில் ஒரு முறை, உச்சியில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, ஃபில்டர் போடாமல் எடுத்து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் சொன்னது சரியா என்று அந்த மூன்று படங்களே தீர்ப்புச் சொல்லும். பிறகு நண்பர்களுக்கு அனுப்பும் ஒவ்வொரு பூப்படத்தின் கீழும் ஊர், மாதம், மணி மூன்றையும் எழுதுங்கள். மதுரை மல்லிகை தையில் எப்போது விரிகிறது, கோவை செம்பருத்தி ஆடியில் எத்தனை மணிக்கு முழுதாகத் திறக்கிறது என்று ஆயிரம் மாடிகளிலிருந்து குறிப்புகள் சேர்ந்தால், லின்னேயஸ் தன் நாட்டுக்கு எழுதியதைப்போல் நம் ஊர்ப் பூக்களுக்கும் ஒரு காலவரிசையை நாமே எழுதிவிடலாம். புதிதாகச் செடி வைப்பவர் எந்தப் பூவை எப்போது எடுப்பது என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.

அன்புடன்,
உங்கள் தோட்டங்களின் மேல் அக்கறை கொண்ட ஒரு வாசகர்